ஊட்டிப் பயணிகளை ஆராய எந்த அளவுசார் முறை? 384 பேர் போதுமா?

கேள்வி இதுதான்: "சுற்றுலாத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். ஊட்டிக்கு வரும் பயணிகளைப் பற்றி அளவுசார் ஆய்வு செய்யும்படி நெறியாளர் சொல்கிறார். எந்த முறையை எடுப்பது? 384 பேரிடம் வினாநிரல் கொடுத்து, எஸ்.இ.எம். போட்டுவிட்டால் ஆய்வேடு தயார் என்கிறார்கள் மூத்த மாணவர்கள். அது சரியா?"

சரியில்லை. எஸ்.இ.எம்., அதாவது பல கருத்துகளின் உறவுகளை அம்புக்குறிகளால் வரைந்து சோதிக்கும் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி, கட்டாயம் கிடையாது. 384 என்பது ஒரு குறிப்பிட்ட சூழலுக்காகப் பிறந்த எண். அந்தச் சூழல் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இவை இரண்டையும்விட முக்கியமான ஒன்றை முதலில் பேச வேண்டும். முறையைக் கணினி முன் உட்கார்ந்து தேர்வு செய்யலாம் என்ற எண்ணம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. தரவு கையில் வந்த பிறகு, "இதற்கு எந்த டெஸ்ட் போடலாம்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அதற்குள் முறை தீர்மானமாகியிருக்கும். எந்த வாசலில் நின்றீர்கள், யாரை நிறுத்தினீர்கள், எந்தக் கிழமையில் போனீர்கள் என்பதில் அது முடிந்துபோன விஷயம். அதன்பின் எந்த மென்பொருளாலும் அதை மாற்ற முடியாது.

"ஊட்டிக்கு வரும் பயணிகள்" என்பது தலைப்பு. அது இன்னும் கேள்வியாகவில்லை. அதே ஊரை வைத்து மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம். வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்த பிறகு வருகை குறைந்ததா? ஒரு குடும்பம் ஊட்டியில் எவ்வளவு செலவு செய்கிறது? நெரிசலுக்குப் பயந்து மறுமுறை வராமல் போகிறவர்கள் யார்? முதல் கேள்விக்கு வினாநிரலே தேவையில்லை. நாள்வாரியான எண்ணிக்கைகள் போதும். இரண்டாவதற்கு வினாநிரல் வேண்டும், ஆனால் மனப்பான்மை அளவுகோல் (எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று 1 முதல் 5 வரை எண்ணில் கேட்பது) ஒன்றுகூட வேண்டாம். மூன்றாவதற்கு, தோட்டத்தில் நின்று கேட்டால் விடையே கிடைக்காது. பயந்து வராமல் போனவர் அங்கே எப்படி இருப்பார்? அவரைச் சந்திக்கக் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ போய் வீடு வீடாகக் கேட்க வேண்டும். கேள்வியை ஒற்றை வாக்கியத்தில் எழுதிவிட்டால், முறைகளில் முக்கால்வாசி தானாகவே விலகிவிடும்.

இருக்கிற எண்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மாணவர்கள் இதைத்தான் அதிகம் அலட்சியப்படுத்துகிறார்கள். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2019-இல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 49 கோடி. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகையே 7 கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். இந்த 49 கோடி என்பது ஆட்கள் அல்ல, வருகைகள். ஒரே குடும்பம் மதுரையில் ஒருமுறை, ராமேஸ்வரத்தில் ஒருமுறை, கன்னியாகுமரியில் ஒருமுறை எண்ணப்பட்டிருக்கலாம். சந்தேகமிருந்தால் வெளிநாட்டுப் பயணிகளின் கணக்கைப் பாருங்கள். 2019-இல் இந்தியாவுக்குள் குடிவரவுச் சோதனை வழியே வந்தவர்கள் சுமார் 1.09 கோடி. அதே ஆண்டில் மாநிலங்கள் தத்தமக்கு வந்ததாகச் சொன்ன வெளிநாட்டுப் பயணிகளின் வருகைகளைக் கூட்டினால் சுமார் 3.14 கோடி. ஒருவர் ஏறக்குறைய மூன்று இடங்களில் எண்ணப்பட்டிருக்கிறார். இரண்டு எண்ணிலும் தவறில்லை. இரண்டும் இரண்டு வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் இவற்றில் ஒன்றைத் தூக்கிப் போட்டு, "எனவே சுற்றுலா வேகமாக வளர்கிறது" என்று எழுதும்போதுதான் தவறு தொடங்குகிறது.

ஊட்டிக்குள்ளேயே இதே சிக்கல் இருக்கிறது. 1848-இல் தொடங்கிய அரசுத் தாவரவியல் பூங்கா டிக்கெட் விற்கிறது. ரோஜாப் பூங்கா விற்கிறது. படகு இல்லம் விற்கிறது. மூன்றையும் கூட்டினால் பயணிகளின் தொகை வராது. ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து, அதை ஊட்டிக்கு வந்தவர்களின் ஏற்ற இறக்கத்துக்கு ஓர் அறிகுறியாக வைத்துக்கொள்ளலாம். அதுவே போதுமான தரவு, எதற்கு என்று தெரிந்து பயன்படுத்தினால்.

இனி இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. இரு மலைகளும் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு விதி மாறுகிறது, அதற்கு முன்னும் பின்னும் நாள்வாரியாக எண்கள் இருக்கின்றன. அளவுசார் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் வாய்க்காது. இப்படிப்பட்ட சூழலுக்கென்றே இடைமறித்த காலத்தொடர்ப் பகுப்பாய்வு இருக்கிறது. விதி மாறுவதற்கு முந்தைய போக்கை ஒரு மாதிரியாக எழுதி, அது அப்படியே நீண்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று கணித்து, உண்மையில் வந்ததோடு ஒப்பிடுவது. புள்ளியியலாளர்கள் பாக்ஸும் தியாவோவும் 1975-இல் இதற்கான கணித அடித்தளத்தைத் தெளிவாக்கினார்கள்.

ஆனால் 2024 மே மாதம் ஓர் எளிய மாதம் அல்ல. பள்ளி விடுமுறை, மலர்க் கண்காட்சி, தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-இல் முடிந்த மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு, ஜூன் 4-இல் வரவிருந்த முடிவு, சமவெளியில் கொளுத்திய வெயில் எல்லாம் அந்த வாரங்களைச் சூழ்ந்திருந்தன. இ-பாஸின் விளைவை இவற்றிலிருந்து பிரிக்க வேண்டும். அதற்கு ஓர் ஒப்பீட்டு ஊர் வேண்டும்: அதே வெயில், அதே விடுமுறை, அதே தேர்தல், இ-பாஸ் மட்டும் இல்லை. ஏற்காடு நினைவுக்கு வரும். இரு ஊர்களிலும் முன்னும் பின்னும் நேர்ந்த மாற்றத்தை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது வேறுபாடுகளின் வேறுபாடு என்ற முறை. மிக நல்ல முறை. ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. ஊட்டிக்குப் பாஸ் எடுக்க அலுத்துக்கொண்டவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை, ஏற்காட்டுக்குப் போயிருப்பார். அப்படியானால் ஒப்பீட்டு ஊரின் கூட்டமும் அதே விதியால் ஏறியிருக்கும். கழித்துப் பார்த்தால் விளைவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இதைச் சமாளிக்க, பயணிகள் எளிதில் மாற்றாகக் கொள்ளாத ஒரு தலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், கோயில் நகரம் ஒன்றைப்போல. அதற்கு வேறு குறைகள் உண்டு. குறையை மறைக்காமல், இரண்டு ஒப்பீடுகளையும் அருகருகே வைத்து, விடை எந்த எல்லைக்குள் விழுகிறது என்று காட்டுங்கள். வாய்மொழித் தேர்வில் இதற்காக உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு நுட்பம். உச்சவரம்பு வந்த பிறகு வாகனங்களின் எண்ணிக்கை பயணிகளின் விருப்பத்தை அளக்காது. சனிக்கிழமை 8,000-இல் முட்டி நின்றால், வர விரும்பியவர்கள் 8,500-ஆ 15,000-ஆ என்று தெரியாது. அப்படி மேலே வெட்டப்பட்ட தரவில் சாதாரணத் தொடர்புப் போக்கை, அதாவது ரிக்ரஷனைப் போட்டால் ஒவ்வொரு காரணியின் தாக்கத்தையும் சொல்லும் கெழுக்கள் எல்லாம் சுருங்கிக் காட்டும். வெட்டுண்ட தரவுக்கான டோபிட் போன்ற மாதிரிகள் வேண்டும். பாஸ் எடுத்தவர் எல்லோரும் வந்தார்கள் என்பதும் உறுதியில்லை. அரசுப் பஸ்ஸிலும் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலிலும் ஏறி வந்தவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா சோதனைச்சாவடிகளில் என்ன பதிவாகிறது, எது விடுபடுகிறது என்பதை ஒருநாள் நேரில் நின்று பார்த்த பிறகே அந்த எண்ணைத் தொடுங்கள்.

முன்னும் பின்னும் ஒப்பிடும் அந்தக் காலத்தொடர் முறை தெளிவாக வேலை செய்த ஓர் இடத்தைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இலங்கை ஒரு தீவு. வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் விமான நிலையம் வழியேதான் வர முடியும். எண்ணிக்கை குடிவரவுத் துறையிடம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21-இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. 2018 மே மாதத்தில் வந்தவர்கள் 1,29,466 பேர். 2019 மே மாதத்தில் 37,802 பேர். ஏறத்தாழ 71 சதவீத வீழ்ச்சி. அந்த ஆண்டு டிசம்பரில் 2,41,663 பேர். முந்தைய டிசம்பரில் 2,53,169. எட்டே மாதத்தில் இடைவெளி 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. இந்த வடிவத்தைப் பாருங்கள்: ஒரே அடியாக விழுந்து, படிப்படியாக ஏறுகிறது. ஊட்டியின் இ-பாஸ் அப்படியல்ல. அது வந்த நாளிலிருந்து நிலைத்து நிற்கும் ஒரு படிக்கட்டு. எந்த வடிவத்தை எதிர்பார்க்கிறீர்கள் என்று தரவைத் திறக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். நான் மேலே முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டேன். செய்தித்தாளுக்கு அது போதும். ஆய்வுக்குப் போதாது, ஏனென்றால் 2019-இன் முதல் மூன்று மாதங்களில் வருகை முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகவே இருந்தது. குண்டு வெடித்திராவிட்டால் மே மாதத்திலும் ஏறியே இருந்திருக்கும். உண்மையான இழப்பு 71 சதவீதத்தைவிடச் சற்று அதிகம்.

அந்தத் தீவின் வடக்கே இன்னொரு பாடமும் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் தமிழர்களில் பலர் ஹோட்டலில் தங்குவதில்லை. சித்தி வீட்டிலும் மாமா வீட்டிலும் தங்குவார்கள். ஹோட்டல் பதிவேட்டை வைத்து யாழ்ப்பாணச் சுற்றுலாவை அளந்தால், அங்கே நீண்ட நாள் தங்கிச் செலவு செய்கிற ஒரு பெரிய கூட்டமே கண்ணில் படாது.

இப்போது வினாநிரலுக்கு வருகிறேன். இங்கேதான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

384 எங்கிருந்து வந்தது? 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. அதாவது ஒரு விகிதத்தை, 95 சதவீத நம்பிக்கையோடு, கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் புள்ளிக்குள் மதிப்பிட வேண்டும்; முழுத்தொகுதி மிகப் பெரியது; அதில் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமம். கிரெஜ்சி, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட அட்டவணை 10 லட்சம் பேருக்கு 384 என்று காட்டுவதும் இதே கணக்கால்தான். "வாய்ப்பு சமம்" என்ற இரண்டு சொற்களை நாம் மறந்துவிட்டோம். பூங்காவின் புல்வெளியில் யார் முகம் கொடுத்தார்களோ அவர்களிடம் கேட்பது வசதிக்கேற்ற கூறெடுப்பு. அதில் 384 பேரைக் கேட்டாலும் 4,000 பேரைக் கேட்டாலும் அந்த 5 சதவீத உத்தரவாதம் கிடையாது.

புல்வெளியில் கேட்பதில் என்ன குறை? ஒரு சிறு கணக்கு. ஒரு நாளில் பூங்காவுக்கு 100 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பேர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறார்கள். 20 பேர் பாய் விரித்து, சாப்பாடு பிரித்து, நான்கு மணி நேரம் இருக்கிறார்கள். முதல் வகையினர் பூங்காவில் செலவழித்த மொத்த நேரம் 80 மணி. இரண்டாம் வகையினருக்கும் 80 மணி. ஆகவே ஏதோ ஒரு நேரத்தில் நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தால், கண்ணில் படுகிறவர்களில் பாதிப் பேர் நான்கு மணி நேரக்காரர்கள். உண்மையில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். சராசரித் தங்கும் நேரம் 1.6 மணி, உங்கள் வினாநிரல் 2.5 மணி என்று சொல்லும். நேரம் மட்டும் பிழைத்தால் பரவாயில்லை. நெடுநேரம் தங்குகிறவர்கள்தான் இடத்தை விரும்புகிறவர்கள், கூடுதலாகச் செலவு செய்கிறவர்கள், நிதானமாகப் பதில் சொல்கிறவர்கள். திருப்தியும் செலவும் சேர்ந்தே வீங்கிவிடும்.

தீர்வு மிக எளிது, ஆனால் கால் வலிக்கும். வெளியேறும் வாசலில் நில்லுங்கள். எண்ணும் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே வருகிற ஒவ்வொரு 20-ஆவது ஆளையும் நிறுத்துங்கள். அவர் அழகாகச் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் அவர்தான். மறுத்தால் மறுத்தார் என்று குறியுங்கள். ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது என்பதையும் குறியுங்கள். நேரப் பகுதிகளைக் காலை, நண்பகல், மாலை என்றும், வார நாள், வார இறுதி என்றும் பிரித்து, எந்தப் பகுதியில் நிற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் மொத்தம் எத்தனை பேர் வெளியேறினார்கள் என்ற எண்ணிக்கை இருந்தால், பிறகு நிறையிட்டுச் சரிசெய்ய முடியும். அடிக்கடி வருகிறவர் விஷயத்திலும் இதே கணக்குதான்: ஆண்டுக்குப் பத்து முறை வருகிற கோயம்புத்தூர்க்காரர், ஒருமுறை வருகிற நாகர்கோவில்காரரைவிடப் பத்து மடங்கு உங்கள் வாசலில் அகப்படுவார். "கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை வந்தீர்கள்?" என்ற ஒரே கேள்வி இருந்தால் அதையும் திருத்தலாம். கேட்காமல் விட்டால் திருத்தவே முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் மாணவர்களோடு செய்த ஒரு கள ஆய்வை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். மே மாதச் சனிக்கிழமை. ஒரு வேனிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது; பாட்டி முதல் கைக்குழந்தை வரை பதினொரு பேர். வினாநிரலை நீட்டியதும் எல்லோரும் கல்லூரியில் படிக்கும் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் வாங்கி, நின்றபடியே, ஒரு நிமிடத்தில் எல்லா வரியிலும் 4-ஐச் சுழித்துவிட்டாள். "கழிப்பறை வசதி திருப்திகரமாக இருக்கிறது" என்ற வரியிலும் 4. அவளுக்குப் பின்னால் நின்ற அவளுடைய அம்மா அந்த நேரத்தில் எங்கள் மாணவி ஒருத்தியிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்: "இங்கே பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, அம்மா? அரை மணி நேரமாகத் தேடுகிறேன்." அந்த அம்மாவின் அரை மணி நேரம் எங்கள் தரவில் எங்குமே இல்லை. தரவில் இருந்தது 4 மட்டும். அந்த ஆய்வின் சராசரித் திருப்தி மிக நன்றாக வந்தது, அறிக்கையும் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

அதிலிருந்து மூன்று விஷயங்களைக் கற்றேன். குடும்பத்தில் யார் பதில் சொல்வது என்பதையும் நாம்தான் தீர்மானிக்க வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவர் என்று வைத்துக்கொள்வது பழைய, நல்ல வழி. இரண்டாவது, அனுபவத்தை நேராகக் கேட்கலாம்: "இன்று கழிப்பறைக்குப் போக எவ்வளவு நேரம் தேட வேண்டியிருந்தது?" நிமிடத்தில் வரும் விடை எந்தத் திருப்தி அளவுகோலைவிடவும் பயன்படும். மூன்றாவது, ஒரே வேனில் வந்தவர்கள் ஒரே கருத்தைப் பகிர்கிறவர்கள். 48 வேன்களில் வேனுக்கு எட்டுப் பேராக 384 பேரைக் கேட்டீர்கள், ஒரே வேனில் வந்தவர்களின் பதில்களுக்கிடையே ஒப்புமை 0.3 என்று கொள்ளுங்கள். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் தந்த சூத்திரப்படி வடிவமைப்பு விளைவு, அதாவது கூட்டமாகக் கேட்டதால் தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற அளவு, 1 + 7 × 0.3 = 3.1. உங்கள் 384 பேர் தரும் தகவல் தனித்தனியாகக் கேட்ட 124 பேருக்குச் சமம். வேனுக்கு ஒருவரைக் கேட்டு 200 வேன்களை முடித்தால் அதைவிடத் துல்லியம் கிடைக்கும், உழைப்பும் குறைவு.

இரண்டு குழுக்களை ஒப்பிடுவதாக இருந்தால் 384 என்ற எண்ணுக்கே இடமில்லை. திட்ட விலக்கத்தில் (பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவில்) பாதியளவு வேறுபாட்டைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் போதும். ஐந்தில் ஒரு பங்கு வேறுபாட்டைப் பிடிக்கக் குழுவுக்கு ஏறத்தாழ 393 பேர் வேண்டும். இவை 5 சதவீத மிகைகாண் நிலைக்கும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80 சதவீத ஆற்றலுக்கும் (இருக்கும் வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பு) உரிய கணக்குகள். எவ்வளவு சிறிய வேறுபாடு உங்களுக்கு முக்கியம் என்று முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரியாதபோதுதான் அட்டவணையைத் தேடி ஓடுகிறோம்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில அளவுகோல்களைத் தமிழாக்கித் தரும்போது, நம் மக்கள் வாழ்நாளில் பேசாத தமிழ் வந்துவிடுகிறது. "இத்தலத்தைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன் என்பதுடன் முற்றிலும் உடன்படுகிறேன்" என்று படித்துக் காட்டினால் எதிரே இருப்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். "ஊருக்குப் போனதும் தெரிந்தவர்களிடம் இங்கே போய் வாருங்கள் என்று சொல்வீர்களா?" என்று கேட்டால் யோசிப்பார். "சொல்வேன், ஆனால் மே மாதத்தில் போகாதீர்கள் என்பேன்" என்று பதில் வரும். உங்கள் ஆய்வுக்கான முழு விஷயமும் அந்த "ஆனால்" என்ற சொல்லில் இருக்கிறது. தமிழாக்கியதை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். அதைவிட நல்லது, பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, "இந்தக் கேள்வியில் நான் என்ன கேட்கிறேன் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது.

அடுத்து எஸ்.இ.எம். நான் அதற்கு எதிரி அல்ல. நேராக அளக்க முடியாத கருத்துகளைப் பல கேள்விகள் வழியே அளந்து, அளவீட்டுப் பிழையையும் கணக்கில் எடுத்து, அவற்றின் உறவுகளை ஒரே நேரத்தில் சோதிக்க அது அருமையான கருவி. என் குறை, அதை நாம் பயன்படுத்தும் விதத்தில். "தலத்தின் தோற்றம் திருப்தியை உண்டாக்குகிறது, திருப்தி மறுவருகையை உண்டாக்குகிறது" என்று அம்புக்குறி வரைகிறோம். மூன்றையும் ஒரே ஆளிடம், ஒரே தாளில், ஒரே ஐந்து நிமிடத்தில் கேட்டிருக்கிறோம். அம்பைத் திருப்பிப் போட்டாலும் மாதிரி ஏறக்குறைய அதே அளவு பொருந்தும். எது முன், எது பின் என்பதைத் தரவு சொல்லவில்லை, வரைந்தவர் சொன்னார். மறுவருகை விருப்பம் மறுவருகையும் அல்ல. பயணம் முடிந்து ஆறு மாதம் கழித்து, சம்மதித்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து, "அப்புறம் எங்கே போனீர்கள்?" என்று கேட்ட ஆய்வு ஒன்றை நீங்கள் செய்தால், 150 பேர் கிடைத்தாலும் போதும், நான் மனமாரப் பாராட்டுவேன்.

நெரிசல் பற்றிய கேள்விக்குத் தேர்வுச் சோதனை என்ற முறையைப் பரிந்துரைப்பேன். இரண்டு அட்டைகளைக் காட்டுகிறீர்கள். ஒன்றில் சனிக்கிழமை, ஒரு மணி நேர வரிசை, நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். மற்றொன்றில் செவ்வாய்க்கிழமை, பத்து நிமிடம், 100 ரூபாய். எதை எடுப்பார்? இப்படிப் பல அட்டை ஜோடிகள். டேனியல் மெக்ஃபேடனுக்கு 2000-இல் பொருளாதார நோபல் கிடைத்தது இத்தகைய தேர்வுகளை ஆராயும் கோட்பாட்டுக்காக. நெரிசலைத் தவிர்க்க மக்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது ரூபாயிலேயே வந்துவிடும். மாவட்ட நிர்வாகத்துக்கு அந்த எண் நேரடியாக உதவும்.

பணக் கணக்கில் இன்னொரு அழகான முறை இருக்கிறது. 1947-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு பொருளியலாளர் ஹரால்ட் ஹோட்டலிங் ஒரு கடிதம் எழுதினார். பூங்காவுக்கு விலை இல்லை, ஆனால் அங்கே போய்ச் சேர ஒவ்வொருவரும் வெவ்வேறு செலவு செய்கிறார்கள். அந்தப் பயணச் செலவையே விலையாகக் கொண்டு, விலை ஏற ஏற வருகை எப்படிக் குறைகிறது என்று காட்டும் தேவைக் கோட்டை வரையலாம் என்பது யோசனை. பயணச் செலவு முறை அங்கிருந்து பிறந்தது. நீங்கள் இதை எடுத்தால், வருகை எண்ணிக்கை 1, 2, 3 என்று முழு எண்ணாக வரும், பூஜ்யம் வராது. ஆகவே இத்தகைய எண்ணிக்கைகளுக்கென்றே உள்ள, பூஜ்யம் வெட்டுண்ட பாய்சான் அல்லது எதிர்ம ஈருறுப்பு மாதிரி வேண்டும், சாதாரண ரிக்ரஷன் கூடாது. ஊட்டியோடு மைசூரையும் சேர்த்துப் பார்த்தவரின் பெட்ரோல் செலவை எப்படிப் பிரிப்பது என்பதற்கும் முன்கூட்டியே ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள். செலவைப் பற்றி எந்த ஆய்வு செய்தாலும் சராசரியோடு இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) தாருங்கள். ஒரு நட்சத்திர விடுதிக் குடும்பம் நாற்பது வேன் குடும்பங்களின் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

முன்கணிப்பு உங்கள் கேள்வியில் இல்லை என்பதால் சுருக்கமாக: 2011-இல் வெளியான சுற்றுலா முன்கணிப்புப் போட்டியில் 366 மாதத் தொடர்கள், 427 காலாண்டுத் தொடர்கள், 518 ஆண்டுத் தொடர்களை வைத்துச் சோதித்தார்கள். வருமானம், விலை போன்ற காரணிகளைச் சேர்த்த மாதிரிகளைவிடத் தூய காலத்தொடர் முறைகளே நன்றாகக் கணித்தன. எந்த நவீன முறையை எடுத்தாலும், "சென்ற ஆண்டு இதே மாதம் வந்ததே இந்த ஆண்டும் வரும்" என்ற எளிய கணிப்போடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். ரம்ஜான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்கிறது. தீபாவளி அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே மாறுகிறது. மாதவாரிப் பருவக் கூறு இவற்றைப் பிடிக்காது. தனி மாறியாகச் சேர்க்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இ-பாஸ் கேள்வியை எடுப்பேன். பூங்காவின் நாள்வாரி டிக்கெட் விற்பனையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு விண்ணப்பிப்பேன். குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு, பெருந்தொற்றுக் காலத்தைத் தனியே குறித்து. ஏற்காட்டுக்கும் அதேபோல. அதோடு வெளிவாசலில் ஒரு சிறிய கூறெடுப்பு, வேனுக்கு ஒருவராக, பத்துக் கேள்விகளுக்கு மிகாமல். எண் எவ்வளவு மாறியது என்பதை முதலாவது சொல்லும், யார் மாறினார்கள் என்பதை இரண்டாவது சொல்லும்: சொந்தக் கார்க்காரர்கள் குறைந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கூடினார்களா, ஒருநாள் பயணிகள் போய்த் தங்குகிறவர்கள் மிஞ்சினார்களா என்று. நெறியாளர் எஸ்.இ.எம். இல்லையே என்று கேட்டால், கேள்விக்கு ஏற்ற முறை இது என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலான நெறியாளர்கள் காரணத்தோடு வரும் மாணவரை மறுப்பதில்லை.

ஆய்வு முன்மொழிவை எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஊட்டிக்குப் போங்கள். வினாநிரல் வேண்டாம். பூங்காவின் வெளிவாசலுக்கு எதிரே, வெயில் படாத இடமாகப் பார்த்து நின்று, பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை, கால் மணிக்கு ஒருமுறை, வெளியே வருகிறவர்களை எண்ணிக் குறியுங்கள். கூட்டமாக வருகிறார்களா, தனியாக வருகிறார்களா, யார் கையில் குழந்தை, யார் நடக்க முடியாமல் கல்மேடையில் உட்கார்கிறார் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போங்கள். அந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்பதை அதிலிருந்து கணக்கிடுவோம்.